மெழுகு வைத்த மூடி

படகு கவிழ ஒரு தும்மல் நேரம்கூட ஆகவில்லை. அதை நிமிர்த்தத்தான் காளீஸ்வரி பிறந்த வீட்டுக் குலதெய்வத்திலிருந்து புகுந்த வீட்டுக் குலதெய்வம் வரைக்கும் ஒருவர் விடாமல் கூப்பிட வேண்டியதாயிற்று.

வாடைக்காற்று அதுவரை ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. கண்மாயின் நடுவுக்கு வந்ததும் அதற்கு என்ன தோன்றியதோ, ஒரே அடி. படகின் ஒரு பக்கம் அப்படியே மேலே எழும்பியது. பாய்க்கயிற்றை விடுவதா, உடம்பை வெளியே சாய்ப்பதா என்று அவள் யோசித்தாள். யோசித்தது பிசகு. பாய் தண்ணீரில் படாரென்று விழுந்தது, அதன்மேல் அவள் விழுந்தாள். மூக்கிலும் வாயிலும் செம்பு செம்பாகக் கலங்கல் தண்ணீர் ஏறியது. இருமிக்கொண்டே மேலே வந்து, கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டாள்.

நல்லவேளை, அகப்பட்டது படகு. என்ன ஆனாலும் படகை விட்டு நீந்தாதே என்று தூத்துக்குடியில் பயிற்சி கொடுத்தவர் காதில் அறைந்து அறைந்து சொல்லியிருந்தார். காளீஸ்வரிக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல். குதித்தால் நாலு வீச்சில் சுவர் வந்துவிடும், அதோடு சரி. இந்தக் கண்மாயில் நாலு வீச்சு போனால் என்ன வரும்? முங்கிக் கிடக்கிற வேலிக்கருவைதான் வரும். அதன் முள்ளுக்கு லைஃப் ஜாக்கெட்டும் ஒன்றுதான், ஆளின் தோலும் ஒன்றுதான்.

கேட்டமரன் என்ற பேரைக் கேட்டு மலைத்துவிட வேண்டாம். நீளமான இரண்டு ஃபைபர் மிதவைகள், அவற்றுக்கு நடுவே நாடாக்கட்டில் மாதிரி இழுத்துக் கட்டிய வலைத்துணி, ஒரு பாய்மரம், ஒரு பாய், அவ்வளவுதான். நம் கரையிலிருந்து சீமைக்குப் போன கட்டுமரம், அங்கே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் பூவனநாதன் பெண்டாட்டிக்கு, அதுவும் தலை நரைக்கிற வயதில், இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் பேசிக்கொண்டார்கள். மகளைக் காலேஜில் சேர்க்கத் தூத்துக்குடிக்குப் போனவள், கடற்கரையில் ஒரு பெண் தன்னந்தனியாகப் பாய் விரித்துப் போவதைப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்ததுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் ரயிலேறிப் போய்க் கற்றுக்கொண்டு, பழைய படகு ஒன்றையும் வாங்கிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவளுக்குச் சோதனை. கவிழ்ந்த படகைத் தனி ஆளாக நிமிர்த்திக் காட்டினால்தான் தனியாகக் கடலுக்குள் விடுவார்கள். அந்த வருஷம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியதில் ஊருக்குக் கிழக்கே கண்மாய் நிறைந்து கிடந்தது. சரி, இங்கேயே ஒருதரம் பழகிப் பார்ப்போம் என்று படகை மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினாள். கரையோரமாக, இடுப்பளவுத் தண்ணீரில் வைத்துத் தானாகக் கவிழ்த்து, தானாக நிமிர்த்துவதாகத்தான் திட்டம். காற்றிடம் யார் திட்டத்தைச் சொன்னார்கள்?

இப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. காரணம் கலுங்கு. கண்மாயில் மிஞ்சுகிற தண்ணீர் வழிந்து போகத் தென்மேற்கு மூலையில் கட்டியிருந்த கல்சுவர் அது. இந்தப் பக்கம் ஆழம். அந்தப் பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே கூர்கூராகக் கருங்கல். தண்ணீர் அதன்மேல் விழுகிற சத்தம் நடுக்கண்மாய் வரை கேட்டது. லைஃப் ஜாக்கெட் முங்காமல் காப்பாற்றும். மேலேயிருந்து பாறையில் விழுந்தால் அது என்ன செய்யும்? "கலுங்குப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன், போதுமா?" என்று காலையில்தான் கணவனிடம் சத்தியம் பண்ணியிருந்தாள். இப்போது அவள் போகவில்லை, காற்று அவளைக் கொண்டு போய்க்கொண்டிருந்தது.

"பதறாத, பதறாத" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். முதலில் பாய்க்கயிற்றைப் பூட்டிலிருந்து விடுவித்தாள். இல்லாவிட்டால் பாய் தண்ணீரை அள்ளிக்கொண்டு எழும்பவே எழும்பாது. பிறகு மிதவையைப் பிடித்தபடி முன்மூக்குக்குப் போய்த் தொங்கி, படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பினாள். மேலே நின்ற மிதவையைத் தாண்டி, நிமிர்த்துவதற்கென்றே கட்டியிருந்த கயிற்றை வீசி, கீழே கிடந்த மிதவையின்மேல் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மல்லாக்கச் சாய்ந்தாள். எல்லாம் படித்த பாடம். வீட்டுக் கூடத்தில் கட்டிலைச் சாய்த்து நிறுத்திவைத்துப் பழகிய பாடம்.

பாய்மரம் தண்ணீரை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. காளீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு முதுகு தண்ணீரைத் தொடும்வரை சாய்ந்தாள். அங்கேயே நின்றது. அதற்குமேல் ஒரு விரற்கடை வர மாட்டேன் என்றது. தொடை நடுங்கி, கை நழுவி, பாய்மரம் மறுபடியும் தொப்பென்று விழுந்தது. இன்னொரு தரம் முயன்றாள். அதுவும் அதே கதை.

அவளுக்கு எடை பற்றாது. இது அவளுக்கு முன்பே தெரியும். பயிற்சியில் கூட இன்னொருத்தி சேர்ந்து தொங்கினாள், நிமிர்ந்தது. தனியாக என்றால் இந்த முருங்கைக்காய் உடம்பு போதாது என்று பயிற்சிக்காரரே சிரித்துக்கொண்டு சொல்லி, அதற்கு வழியும் சொல்லியிருந்தார். ஒரு காலிக் கேனைப் படகில் கட்டிவைத்துக்கொள். கவிழ்ந்தால் அதில் தண்ணீரை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு சாய். தண்ணீருக்குள் இருக்கிறவரை அதற்குக் கனமே கிடையாது. வெளியே வந்துவிட்டால் அது ஒரு அரை ஆள்.

பின்பக்கம் கட்டியிருந்த நீலக் கேன் தண்ணீரில் துள்ளிக்கொண்டிருந்தது. காளீஸ்வரி அதை இழுத்து மடியில் இடுக்கி, மூடியைத் திருகினாள். திரும்பவில்லை. கை ஈரம் என்று நினைத்து, சட்டை நுனியைச் சுற்றித் திருகினாள். ம்ஹும். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தபோது விளங்கியது. மூடியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று, கட்டை விரல் தடிமனுக்கு மெழுகு.

"அட பாவி மனுசா!" என்று அவள் வாய்விட்டே கத்தினாள்.

மெழுகு யார் வைத்தது என்று கேட்கவே வேண்டாம். பூவனநாதனுக்கு உலகத்தில் ஒரே எதிரி ஈரம். தீப்பெட்டிக்காரனுக்கு நெருப்பைவிட ஈரந்தான் பயம். குச்சிக்கு மெழுகு, பண்டலுக்குத் தாள், தாளுக்குமேல் பிளாஸ்டிக், மேகம் கறுத்தால் கதவிடுக்கில் சாக்கு என்று வாழ்கிற மனிதர். வீட்டில் உப்பு ஜாடியைக்கூட அவர் மூடுகிற மூடலுக்கு, மறுநாள் திறக்க அவரையேதான் கூப்பிட வேண்டும். ஆனால் குற்றம் அவர்மேல் மட்டுமா? முந்தின நாள் அவள் காலிக் கேன் ஒன்று வேண்டும் என்றபோது, "எதுக்குட்டி? விழுந்தா பிடிச்சு மிதக்குறதுக்கா?" என்று கேட்டார். இவளும் "ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டாள். எனக்கு எடை பற்றாது, தனியாக நிமிர்த்த முடியாது என்று உள்ளதைச் சொன்னால் படகையே லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காவது தாங்கும். இவள் புளுகு ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை.

கரையில் பூவனநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார். கூட இருந்தது ஆடு மேய்க்கிற சுடலைமணி ஒருவன்தான். காற்று இவளிடமிருந்து அவர்கள் பக்கம் அடித்ததால் இவள் சொன்னது அங்கே கேட்கும். அவர்கள் கத்துவது இவளுக்கு அரையும் குறையுமாகத்தான் வந்தது.

"ஏட்டி காளி! கேனைப் பிடிச்சுக்கோ! கேனை விட்டுராத!"

"நீங்க தண்ணில எறங்காதீங்க!" என்று இவள் கத்தினாள்.

"அண்ணாச்சி, அக்கா கேனைக் கடிக்குதாவ" என்று சுடலைமணி சொன்னதும் காற்றிடையில் வந்து விழுந்தது. ஆமாம், கடித்துக்கொண்டுதான் இருந்தாள். குளிர்ந்த தண்ணீரில் இறுகிப்போன மெழுகு பல்லுக்கு அடியில் வழுக்கியது. ஒரு சின்னத் துணுக்கு பெயர்ந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. அதைத் துப்பிவிட்டுத் திரும்பியபோது கலுங்கின் சத்தம் முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது. கருவை மரத்து உச்சி ஒன்று படகுக்குப் பக்கத்தில் பின்னால் நகர்ந்துபோயிற்று. மரம் நகருமா? நகர்வது அவள்தான்.

"பக்கத்தூர்ல லாரி டியூப்பு கெடக்கும், எடுத்தாரேன். அதுவரைக்கும் நீங்க எறங்கிராதீங்க அண்ணாச்சி!" சுடலைமணி மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். தடுக்க இருந்த ஒரே ஆளும் போனான்.

பூவனநாதனுக்கு நீச்சல் தெரியாது. தெரியாது என்றால் குளிக்கிற தொட்டியில்கூடக் கால் வைக்காதவர். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று அடுத்தவனுக்குச் சொல்லிச் சொல்லியே வயதானவர். அந்த மனிதர் வேட்டியை அவிழ்த்துக் கரையில் போட்டார்.

"வேண்டாங்க! சொன்னாக் கேளுங்க! நான் நல்லாத்தான் இருக்கேன்!"

நல்லா இருக்கிறவள் ஏன் கேனைக் கடிக்கிறாள்? அவர் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அரை டிராயரும் சட்டையும் செருப்புமாக இறங்கி, முழங்கால், இடுப்பு, மார்பு என்று வந்துகொண்டே இருந்தார். கலுங்குக்குப் பக்கத்திலேயே இறங்கியிருந்தார், அவள் அங்கேதான் வந்து சேர்வாள் என்று கணக்குப் போட்டு. கழுத்தருகே தண்ணீர் வந்ததும் சட்டென்று நின்றார். இரண்டு கையையும் விரித்துத் தள்ளாடினார். அவர் முகம் மாறியதை அவ்வளவு தூரத்திலிருந்தும் அவள் பார்த்தாள். ஊறிய கரிசல் காலைப் பிடித்துவிட்டது. இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத் தெரியும், அது பிடித்தால் லேசில் விடாது. இழுக்க இழுக்க இன்னும் கீழேதான் வாங்கும்.

"ஆட்டாதீங்க! காலை இழுக்காதீங்க! அங்கனயே நில்லுங்க!"

அவர் நின்றார். மோவாயைத் தூக்கிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அலை ஒவ்வொன்றும் அவர் உதட்டுவரை வந்து போனது. படகை விட்டு நீந்திப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். போய்? அவரைத் தூக்க அவளால் ஆகுமா? ஆளுக்கு ஆள் கட்டிக்கொண்டு இரண்டு பேருமாகக் கலுங்கில் போக வேண்டியதுதான். படகு வேண்டும். படகு நிமிர வேண்டும். அதற்கு இந்த மூடி திறக்க வேண்டும். அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அழுதுகொண்டே மெழுகை நகத்தால் பிராண்டினாள். நகம்தான் ஒடிந்தது.

கத்தி இல்லை. கம்பி இல்லை. என்னதான் இருக்கிறது என்று கை தன்பாட்டில் கழுத்துக்குப் போனது. தாலிக்கொடியில் ஊக்கு. நம் பெண்கள் எவளானாலும் தாலிக்கொடியில் இரண்டு ஊக்காவது மாட்டியிருப்பாள்; புடவைக்கு, பாவாடை நாடாவுக்கு, பிள்ளை காலில் முள் எடுக்க. மரத்துப்போன விரலால் ஒன்றைக் கழற்றும்போது அது நழுவித் தண்ணீரோடு போயிற்று. "முருகா!" என்றாள். இரண்டாவதைக் கழற்றி உதட்டில் கவ்விக்கொண்டு, பிறகு நிமிர்த்தி, மூடிக்கும் கேனின் கழுத்துக்கும் நடுவே மெழுகில் குத்தி வளைத்துக் கீறினாள். ஒரு கீறல், இன்னொரு கீறல். மெழுகு பட்டையாகப் பெயர்ந்து வந்தது. ஊக்கு விரலிலும் ஏறி ரத்தம் வந்தது, அதை அவள் பார்க்கவில்லை. கேனை நெஞ்சோடு இறுக்கி, மூடியை இரண்டு கையாலும் பிடித்து, உப்பு ஜாடிமேல் வருகிற அத்தனை கோபத்தையும் சேர்த்து ஒரு திருகு திருகினாள். கறுக் என்றது. சுழன்றது.

கேனை உடனே முக்கினாள். தண்ணீர் போகவில்லை. வாயில் ஏதோ அடைத்திருந்தது. விரலை விட்டு இழுத்தால் ஒரு துண்டு வந்தது, காய்ந்த, வெயில் வாசனை மாறாத துண்டு. அதற்குப் பின்னால் தீப்பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர்கள் ஆபீஸ் சரக்கு. அவளுக்குப் புரிந்துவிட்டது. வெறுங்குடம் வாசல் தாண்டக் கூடாது என்பார் அவர். காலியாக அனுப்ப மனசு வராமல், எங்காவது கரை ஒதுங்கினால் துவட்டிக்கொள்ள ஒரு துண்டும் நெருப்பு மூட்டத் தீப்பெட்டியும் போட்டு, அதில் ஒரு சொட்டு ஈரம் பட்டுவிடக் கூடாதென்று ராத்திரி உட்கார்ந்து மெழுகு உருக்கி ஊற்றியிருக்கிறார். "இப்படியா ஒரு மனுசன் பிரியம் வைப்பான்" என்று சொல்லிக்கொண்டே அவள் துண்டையும் பெட்டிகளையும் தண்ணீரில் விட்டாள். அவை மிதந்து கலுங்கைப் பார்க்கப் போயின. ஒரே ஒரு பெட்டி மட்டும் லைஃப் ஜாக்கெட் வாரில் சிக்கிக்கொண்டது.

கேன் குபுகுபுவென்று குமிழிவிட்டுக் குடித்தது. கலுங்குச் சுவரின் பாசி இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. கேன் குடித்து முடிக்கிறவரை பொறுத்திருப்பதுதான் பெரும்பாடு. பாதியில் எடுத்தால் கனம் போதாது. கடைசிக் குமிழி வந்ததும் மூடியைத் திருகி, கேனின் கயிற்றுக்குள் இரண்டு தோளையும் நுழைத்து, மறுபடி மிதவையில் ஏறினாள். எழுந்து நின்றதும் கேன் தண்ணீரை விட்டு வெளியே வந்து முதுகை வெடுக்கென்று பின்னால் இழுத்தது. சின்ன வயதில் லாரித் தண்ணீர் பிடித்துத் தலையிலும் இடுப்பிலும் சுமந்த குடங்களை எல்லாம் திட்டியிருக்கிறாள். இந்தக் கனத்தை அவள் திட்டவில்லை. கயிற்றைப் பிடித்து அப்படியே மல்லாக்கப் போனாள்.

பாய்மரம் எழும்பியது. பழைய இடத்துக்கு வந்து நின்றது. காளீஸ்வரி வானத்தைப் பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். தோளில் கயிறு அறுத்தது. ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் காற்று பாய்க்கு அடியில் புகுந்தது. இத்தனை நேரமும் எதிரியாக இருந்த அதே வாடைக்காற்று பாயை மெல்லத் தூக்கியது. மேலே நின்ற மிதவை அவள் தலைக்கு மேலாக வந்து பக்கத்தில் பளாரென்று விழுந்தது. படகு நிமிர்ந்துவிட்டது. நிமிர்ந்த படகு ஆளில்லாமல் ஓடிவிடும் என்பதும் பாடம்தான். மிதவைகளை இணைக்கிற நடுக்கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கேனோடு ஏற முடியவில்லை. கேனை முதலில் வலைத்துணிமேல் தள்ளி, அப்புறம் தன்னையும் தள்ளினாள்.

கலுங்குச் சுவர் கைநீட்டினால் தொடுகிற தூரம். சுக்கானைத் திருப்பிப் பாய்க்கயிற்றை இழுத்தாள். படகு சுவரை உரசுவதுபோல் போய், விலகி, கரைப்பக்கம் பாய்ந்தது. பூவனநாதனின் தலை மட்டும் தெரிந்தது, கண் சொருகினாற்போல.

"கையைக் குடுங்க! மிதவையைப் பிடிங்க! குதிகாலைத் திருகி எடுங்க, இழுக்காதீங்க!"

அவர் மிதவையைக் கட்டிக்கொண்டார். காற்று படகை இழுத்தது, மண் அவரை இழுத்தது. ஒரு பெரிய சத்தத்தோடு கரிசல் அவரை விட்டது. செருப்பை மட்டும் வைத்துக்கொண்டது. அவள் அவர் சட்டைக் காலரைப் பிடித்து வலைத்துணிமேல் புரட்டிப் போட்டாள். படகு கலுங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி, படித்துறை மேட்டில் ஏறி நின்றது.

சுடலைமணி டியூப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, "அட, முடிஞ்சு போச்சா?" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டுவிட்டு, கரையில் கிடந்த வேட்டியை எடுத்துக்கொடுத்து ஆடுகளைப் பார்க்கப் போனான்.

பூவனநாதன் கேனைத் தூக்கிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். பழக்கதோஷம், முகம் சுருங்கியது. "ஏட்டி, உள்ள தண்ணி போயிருக்கு."

"போறதுக்குத்தான் கொண்டு வந்தேன்" என்றாள் காளீஸ்வரி. "எனக்கு எடை பத்தாதுங்க. தண்ணியை ரொப்பி முதுகுல கட்டித் தொங்குனாத்தான் படகு நிமிரும். சொன்னா விடமாட்டீங்கன்னு மிதக்குறதுக்குன்னு பொய் சொல்லிட்டேன்."

அவர் மூடியை விரலால் தடவினார். மெழுகில் ஊக்குக் கீறல்கள் இருந்தன. அவள் விரலில் ரத்தம் காய்ந்திருந்ததையும் பார்த்தார். பிறகு கலுங்கைப் பார்த்தார்.

"நான் வச்ச மெழுகுட்டி" என்றார். "நானே வச்சேன்."

"நான் சொன்ன பொய்யிக்கு வச்சீங்க. விடுங்க."

"ஞாயித்துக்கிழமை போவியா?"

"போவேன்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினார். அவள் ஜாக்கெட் வாரில் சிக்கியிருந்த தீப்பெட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அட்டை ஊதி, மருந்து கரைந்து, விரலிடுக்கில் சிவப்பாக வழிந்தது. ஒரு பண்டல் சாரலில் நனைந்ததற்காக ஆபீஸையே ரெண்டு நாள் ஆட்டிவைத்த மனிதர் அவர்.

"உங்க சரக்கு அம்புட்டும் நனைஞ்சு போச்சு" என்றாள்.

பூவனநாதன் பெட்டியை மூடிய கைக்குள் வைத்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வலைத்துணியில் விழுந்தது.

"நல்லதாப் போச்சு" என்றார்.